தேர்தலில் குழல் மாறிய துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு ரைபிள் இருக்கிறது என்று சொன்னால் கல்லூரித் தோழிகள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அது எந்த வகை, எந்தக் காலத்தில் செய்தது, எதை வைத்து அப்படிச் சொல்கிறேன் என்று நான் ஆரம்பித்தால் எழுந்தே போய்விடுவார்கள். போகட்டும். புடவைக் கரையைப் பார்த்து இது எந்தத் தறி என்று சொல்கிறவளை ரசனைக்காரி என்கிறார்கள். சுங்குடி முடிச்சின் நெருக்கத்தைப் பார்த்தே எந்தத் தெருச் சரக்கு என்று சொல்லிவிடும் அக்காமார்கள் இருக்கிற ஊர் இது. நான் இரும்பைப் பார்த்துச் சொன்னால் மட்டும் எனக்குக் கிறுக்கு.

அந்த ரைபிள் அப்பாவுடையது. கம்பத்துக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா தலைமை குமாஸ்தாவாக இருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறிய வெள்ளைக்கார துரை, போகும்போது முறைப்படி அப்பா பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. பெல்ஜியத்தில் செய்த பாயிண்ட் டூ டூ. செமி ஆட்டோமேட்டிக். ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். ஆனால் அடுத்த தோட்டா தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். காலித் தோட்டா பக்கவாட்டில் தெறிக்காமல் கீழ்ப்பக்கமாக விழும். முழங்கை மடித்துப் படுத்துச் சுடும்போது சட்டைக் கைக்குள் சூடாகப் போய் விழுந்து சுருக்கென்று சுடும். அதன் அழகே வேறு ஒன்று: நடுவில் ஒரு பூட்டைத் தள்ளிக் கால் திருப்பு திருப்பினால் இரண்டு துண்டாகக் கையில் வந்துவிடும். குழலும் முன்கட்டையும் ஒரு பாதி. விசையும் பின்கட்டையும் மறு பாதி. துரை அதைப் பெட்டியில் படுக்கையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போவாராம்.

அப்பா அதால் பெரிதாக எதையும் சுட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரைபிள் கிளப்புக்குப் போய் அட்டையில் சுடுவார். திரும்பி வந்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஜெபத்துக்கு அடுத்தபடி அவர் தவறவிடாத காரியம் அது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே பாடம் சொன்ன அமெரிக்கத் தம்பதி நாடு திரும்பும்போது மரப்பெட்டி நிறைய வேட்டைப் பத்திரிகைகளையும் துப்பாக்கி விற்பனைப் புத்தகங்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். நூலகத்தில் வைக்க முடியாது, எடைக்குப் போடப் போகிறோம் என்றார்கள். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டு ரைபிளின் குடும்பத்தையே அதில் கண்டுபிடித்தேன். யுத்தத்துக்கு முன்னால் செய்ததில் குறிபார்க்கக் குழல்மேல் இருக்கும் பின்முள், படிப்படியாக உயர்த்துகிற சின்னத் தகடு. யுத்தத்துக்கு அப்புறம் செய்ததில் நகத்தால் சுற்றுகிற சின்னச் சக்கரம். முந்தியதற்கு விசை கறுப்பு. பிந்தியதற்குத் தங்க முலாம். முந்தியதன் முதுகு மொழுமொழு என்றிருக்கும். பிந்தியதில் தொலைநோக்கி மாட்ட இரண்டு பள்ளக்கோடு. எங்களுடையது எல்லா வகையிலும் முந்தியது. தகட்டுக் குறி, கறுப்பு விசை, மொழுமொழு முதுகு, பழம்புளி நிறத்தில் கறுத்துப்போன வால்நட் மரக்கட்டை.

அதோடு முத்திரைகள். பெல்ஜியத்தில் துப்பாக்கியை விற்பதற்கு முன்னால் சோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்து முத்திரை அடிப்பார்களாம். முட்டை வடிவத்துக்குள் மூன்று எழுத்து, மேலே கிரீடம். பக்கத்தில் அவர்கள் ஊர்த் தூண் ஒன்று; பார்க்க அசல் குத்துவிளக்கு மாதிரியே இருக்கும். மூன்றாவது, சின்னதிலும் சின்னது: ஒரு நட்சத்திரம், அதற்கு அடியில் ஒரே ஓர் எழுத்து. அது அன்றைக்குச் சோதித்த ஆளின் அடையாளம். ஒரு துப்பாக்கி அவர் மேசைக்கு வந்தால் குழலிலும் அடிப்பார், பின்பாதியிலும் அடிப்பார். எங்களுடையதில் அந்த எழுத்து 'ஆர்'. பின்பாதியில் அதைப் பார்த்திருக்கிறேன். குழலில் உள்ளதை முன்கட்டை மூடியிருக்கும். திருகாணியைக் கழற்றிக் கட்டையை நகர்த்தினால்தான் தெரியும். கட்டையைக் கழற்ற அப்பா ஒருநாளும் விட்டதில்லை.

இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று என் அண்ணன் கேட்பான். அவன் பேங்கில் வேலை. "கல்யாணம் பேச வாரவங்ககிட்ட பொண்ணு நல்லாச் சமைக்கும், துப்பாக்கி நம்பர் படிக்கும்னு சொல்லவா?" என்பான். "சமைக்கும்ங்கிறது பொய்யி. அத மட்டும் எடுத்துரு" என்பேன்.

அவசரநிலை முடிந்த வருஷம் இரண்டு தேர்தல் வந்தது. முதலில் டெல்லிக்கு, சில மாதத்தில் கோட்டைக்கு. தேர்தல் என்றால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அப்பா எப்போதும் மாசி வீதிப் பக்கம் இருந்த கடையில்தான் வைப்பார். கடைக்கார அண்ணாச்சி நல்ல மனிதர் என்று ஊரில் பேர். கிளப்புக்கும் அவர்தான் தோட்டா கொண்டுவந்து விற்பார். அந்த முறை நடுவில் போய் வாங்கி மறுபடி கொடுப்பானேன் என்று இரண்டு தேர்தலுக்கும் சேர்த்து அங்கேயே விட்டுவிட்டார் அப்பா. மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் உள்ள பண்ணையார் துப்பாக்கிகள் எல்லாம் அந்த ஒரு கடையில் சேர்ந்தன. அலமாரி நிரம்பி, உள்ளறை நிரம்பி, அண்ணாச்சி வீட்டுக் கட்டிலுக்கடியும் நிரம்பிவிட்டது என்று கேலி பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது தேர்தல் முடிந்ததும் அப்பாவும் நானும் வாங்கப் போனோம். அண்ணாச்சி துப்பாக்கியைக் கொண்டுவந்து கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"சார், முன்கட்டை லேசா வெடிச்சிருந்துச்சு. குறித்தகடும் ஆடிச்சு. ரெண்டையும் மாத்திப் போட்டுட்டேன். காசு பணம்லாம் வேணாம். ஒங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்ய?"

பின்கட்டை கறுப்பு. முன்கட்டை வெளுத்த தேன் நிறம். தகடு இருந்த இடத்தில் சக்கரம்.

"அண்ணாச்சி, எங்க பழைய கட்டைய எங்க?"

"வெடிச்ச கட்டைய வச்சு என்னம்மா பண்ணப் போற, அடுப்பெரிக்கவா?"

"தகடு?"

"தூக்கிப் போட்டேன்."

"அம்புட்டுப் பழைய தகட்டத் தூக்கிப் போட்டீகளா!"

அப்பா என் கையை அழுத்தினார். பின்பாதியில் வெட்டியிருந்த எண்ணை லைசென்ஸோடு ஒத்துப் பார்த்தார். எண் சரி. அண்ணாச்சிக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். வெளியே வந்ததும், "சும்மா செஞ்சு குடுத்த மனுசன்ட்ட இப்படியா பேசுறது?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

கிளப்பின் சுடுகளம் மேலூர் போகிற வழியில், கைவிட்ட கல்குவாரி ஒன்றில் இருந்தது. குண்டு கல்லில் பட்டுத் திரும்பாமல் இருக்க அட்டைகளுக்குப் பின்னால் மண்ணை மலையாகக் கொட்டியிருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அங்கே படுத்துச் சுட்டார். எப்போதும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுகிற குண்டுகள் அட்டை முழுக்க அம்மை வார்த்த மாதிரி சிதறிக் கிடந்தன. மூன்று குண்டு அட்டையிலேயே இல்லை. மறுபடி சுட்டார். அதே கதை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒருவர், "என்ன சார், எலெக்சன் அலுப்பு இன்னும் தீரலையா?" என்றார்.

அப்பா எழுந்து துப்பாக்கியை இரண்டாக்கினார். குழலின் ஒரு முனையில் கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சம் பிடித்து மறுமுனையால் உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். எங்கள் குழலின் உட்புறம் கண்ணாடி. வரிப்பள்ளங்கள் சுருள் சுருளாக மின்னும். இது உள்ளே கறுப்பாகத் திட்டுத் திட்டாக, சொத்தைப் பல் மாதிரி இருந்தது.

"தேஞ்சிருச்சு" என்றார் அப்பா. "துரு வேற ஏறியிருக்கு. எனக்குக் கண்ணு சரியில்ல பாப்பா. துடைக்கிறதா நெனச்சு ஒழுங்காத் துடைக்காம விட்டிருக்கேன்."

"அப்பா, இது நம்ம குழலே இல்ல."

"நம்பரு சரியாத்தான இருக்கு?"

"நம்பரு பின்பாதிலப்பா. இது முன்பாதி."

அவர் காதில் அது ஏறவில்லை. இத்தனை வருஷம் துடைத்த கை தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டுவிட்டது. தோட்டா விற்றுக்கொண்டிருந்த அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்து நாக்கால் ச்சு கொட்டினார். "வயசாயிருச்சுல்ல சார் இதுக்கு. இனிமே சுட்டா ஆபத்து. அடுத்த ஞாயித்துக்கெழம எங்கிட்டயே ஒப்படச்சிருங்க. லைசென்ஸ சரண்டர் பண்றதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அப்பா சரி என்று தலையாட்டினார்.

அன்று மாலை வீட்டில் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சுப்பா. தொல்ல விட்டுச்சு." எண்ணெய்ப் புட்டியையும் துணியையும் எடுத்த அப்பா அப்படியே திரும்ப வைத்துவிட்டார். அந்த ஒரு செய்கைதான் என்னைக் கிளப்பிவிட்டது. துப்பாக்கி போனால் எனக்கு நஷ்டம்தான். அடுத்த வருஷம் என் பேரையும் லைசென்ஸில் சேர்த்து என்னையும் சுடவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். ஆனால் செய்யாத தப்பை அவர் தலையில் சுமத்திவிட்டு அது போவதை என்னால் சகிக்க முடியாது.

வாரம் முழுக்கச் சண்டைதான். கடைசியில் அப்பா, "எப்படியும் போகப் போறதுதான, என்னமும் பண்ணு" என்று திருகாணியைக் கழற்ற விட்டார். தேன் நிறக் கட்டை நகர்ந்தது. உள்ளே முட்டை, கிரீடம், குத்துவிளக்கு, நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு அடியில் 'கே'. பின்பாதியில் 'ஆர்'.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. துண்டாகிற துப்பாக்கி என்பதால் இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டாக்கி வைத்திருக்கிறார் அண்ணாச்சி. பின்பாதிகள் ஓர் இடத்தில், குழல்கள் ஓர் இடத்தில். திரும்பச் சேர்க்கும்போது எங்கள் பின்பாதிக்கு வேறு யார் குழலோ வந்து மாட்டியிருக்கிறது. முப்பது வருஷம் தள்ளிச் செய்திருந்தாலும் பூட்டு ஒன்றுதானே, மாட்டிக்கொள்ளும்.

கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி சிரித்தார். "எழுத்தக் கண்டியா? ஏம்மா, அங்க அடிக்கிறவன் பசில எதையாச்சும் அடிச்சிருப்பான். அதப் போயி..."

"இதே மாதிரி ரெண்டாத் துண்டாகுற துப்பாக்கி வேற யாரு வச்சிருந்தா, அத மட்டும் சொல்லுங்க."

"அம்புட்டுப் பேர ஞாபகம் வச்சிருக்க நான் என்ன கம்ப்யூட்டரா? அப்பாவ வரச் சொல்லு, அவர்ட்டப் பேசிக்கிறேன்."

அவருக்கு ஞாபகம் இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

அன்று ஒப்படைப்பதற்காகத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக் குவாரிக்குப் போனோம். ஆராதனைக்குக் கட்டிய தாவணியோடு நானும் போனேன். அங்கே ஒரே கூட்டம். நடுவில் கிளப்பின் உபதலைவர்; பஞ்சு மில் முதலாளி. வருஷத்துக்கு நாலு தடவை வருவார். காரிலிருந்து டிரைவர் துப்பாக்கியை எடுத்துவந்து கொடுக்க, சுட்டுவிட்டுத் திருப்பி டிரைவரிடமே கொடுத்துவிடுவார். துடைத்தார்களா என்று கேட்கமாட்டார். எப்போதும் மண்மேட்டைச் சுடுகிறவர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அன்று அவர் அட்டையை எல்லோரும் கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுப்புள்ளியே பிய்ந்து போயிருந்தது.

"கை வந்துருச்சு முதலாளி!" என்றார் ஒருவர்.

"கை பாதி, துப்பாக்கி பாதி" என்றார் முதலாளி பெருந்தன்மையாக. "இது சாதாரண மாடல் இல்ல. ரொம்ப ரேர். பழசும் புதுசும் கலந்து கொஞ்ச காலம் மட்டும் செஞ்சது. இந்தியாவுலயே ரெண்டு மூணுதான் இருக்கும்னு அண்ணாச்சி சொல்றாரு."

நானும் கூட்டத்துக்குள் தலையை நுழைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் புல்லரித்தது. தங்க முலாம் விசை; முதுகில் பள்ளக்கோடு; ஆனால் குழலில் யுத்தத்துக்கு முந்திய தகட்டுக் குறி! எந்தப் புத்தகத்திலும் இல்லாத வகை. என் கண்ணால் பார்க்கிறேன்! அப்படியே முன்கட்டைக்குப் பார்வை போனது. பழம்புளி நிறத்தில் கறுத்த வால்நட். பின்கட்டையோ தேன் நிறம்.

அப்படி ஒரு வகை எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்கவில்லை. மாசி வீதியில், தேர்தல் சமயத்தில் பிறந்தது.

"சார், அது எங்க குழல்" என்றேன்.

சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அப்பா, "பாப்பா, இங்க வா" என்றார். நான் போகவில்லை.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். "யாரு, நம்ம குமாஸ்தா சார் பொண்ணா? என்னம்மா சொல்ற?"

"முன்பாதி எங்களோடது. ஒங்களோடது எங்ககிட்ட இருக்கு. எலெக்சனுக்குக் குடுத்த எடத்துல மாறிப்போச்சு. அது ரேர் மாடல்லாம் இல்ல சார், ரெண்டு துப்பாக்கியோட பாதிப் பாதி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணாச்சி தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டு வந்தார். "முதலாளி, புள்ள ஏதோ பொஸ்தகத்தப் படிச்சிட்டுப் பேசுது. சார் துப்பாக்கி தேஞ்சுபோச்சு, அந்த வருத்தம்."

"கட்டையக் கழட்டினா தெரிஞ்சிரும்" என்றேன்.

"பொம்பளப் புள்ள கையில துப்பாக்கியக் குடுத்துக் கழட்டச் சொல்லவா?" என்றார் முதலாளி. "நல்லா இருக்கும்மா கத."

"நான் தொடவே மாட்டேன். நீங்களே கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடியே உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். ஒங்க குழல்ல நட்சத்திரத்துக்கு அடில 'ஆர்' இருக்கும். ஒங்க பின்பாதில 'கே' இருக்கும். எங்ககிட்ட இருக்குறதுல அப்படியே தலைகீழ். எங்க பின்பாதில 'ஆர்', குழல்ல 'கே'. ஒங்க துப்பாக்கிய இதுக்கு முன்னாடி நான் கிட்டக்க நின்னுகூடப் பாத்ததில்ல."

"தப்பா இருந்தா?"

"நாங்க இப்பவே எங்களோடத ஒப்படச்சிட்டுப் போயிர்றோம். நானும் இனிமே இந்தக் கெளப்புப் பக்கம் வர மாட்டேன்."

"அத முன்னாடியே செஞ்சிருந்தா எங்களுக்கு நிம்மதி" என்றார் கூட்டத்தில் ஒருவர். சிரிப்பு. அப்பாவைப் பார்த்தேன். தடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து எங்கள் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை வெளியே எடுத்து, இரண்டாக்கி, தோட்டா விற்கிற மேசைமேல் வைத்தார். திருகாணியைத் தானே கழற்றிக் கட்டையை நகர்த்தினார்.

"எங்களோடது இது. பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் முதலாளியால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் பயந்துவிட்டார் என்று ஆகிவிடும். கழற்றினார், சரியாகச் சொன்னால் டிரைவர் கழற்றினார். திருகாணி இறுகியிருந்ததில் கொஞ்ச நேரம் பிடித்தது. சோதித்தவர் அன்றைக்கு லீவில் போயிருந்தால்? பின்பாதியை வேறு ஆள் அடித்திருந்தால்? புத்தகத்தில் போட்டிருந்தது தப்பாக இருந்தால்? இதெல்லாம் வாயை விட்ட பிறகுதான் தோன்றுகிறது.

கறுத்த கட்டை நகர்ந்தது. முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக் குனிந்தார். ஒருவர் தீக்குச்சி முனையால் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினார்.

"எழுத்து என்னய்யா?"

"ஆர்" என்றார் டிரைவர்.

பின்பாதியைத் திருப்பினார்கள். யாரும் கேட்கவில்லை. டிரைவரே சொன்னார். "இது 'கே'ங்க."

மேசைமேல் நாலு பாதி. பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததும் எழுத்தைப் பார்க்கவே தேவையில்லாமல் போய்விட்டது. கறுப்புக்குக் கறுப்பு, தேனுக்குத் தேன். நகத்தைப் பார்த்தவர்கள், குவாரிப் பாறையைப் பார்த்தவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு திசை.

முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். "என்னய்யா இது?"

"எலெக்சன் நெருக்கடில..." அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "குடுத்த பெறகுதான் மொதலாளி எனக்கே தெரிஞ்சுச்சு. நீங்க நல்லா விழுதுய்யான்னு அம்புட்டுச் சந்தோசமாச் சொன்னீக. அப்புறம் எப்படித் திருப்பிக் கேக்குறது? அதான் ரேர் மாடல்னு..."

"அப்ப என் குழலுதான் அந்தச் சொத்தையா?"

டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

நடுப்புள்ளி பிய்ந்த அட்டை இன்னும் யார் கையிலோ இருந்தது. வைத்திருந்தவர் அதை மெதுவாக மடித்தார். முதலாளி அதையும் பார்த்தார், எங்கள் குழலையும் பார்த்தார். எனக்கு ஒரு கணம் அவர்மேல் இரக்கம் வந்தது. பாவம், வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றாகச் சுட்டிருக்கிறார். ஆனால் அவர் வாயைத் திறந்ததும் இரக்கம் போய்விட்டது.

"சரிம்மா. ஏதோ ஆசப்படுற. அப்பாவுக்கும் வயசாயிருச்சு. எடுத்துக்க. நான் குடுத்ததா இருக்கட்டும்." கையை வேறு லேசாக வீசினார். சுற்றி நின்றவர்கள், ஆகா பெரிய மனசு என்பது போல் தலையை ஆட்டினார்கள். அப்பா குழலை நோக்கிக் கையை நீட்டிவிட்டார்.

"எடுக்காதீங்கப்பா" என்றேன்.

அப்பாவின் கை நின்றது.

"சார், நீங்க குடுக்கல. அது எங்களோடது. எங்களோடதுன்னு சொல்லுங்க, எடுத்துக்கிறோம். ஆசப்பட்டு வாங்கினதா எங்கப்பா அதத் தூக்கிட்டுப் போக மாட்டாரு."

"ஏம்மா, கெடைக்குதுல்ல, வாங்கிட்டுப் போவியா" என்றார் அண்ணாச்சி.

"நீங்க பேசாதீங்க அண்ணாச்சி. போன வாரம் எங்கப்பாதான் துரு ஏத்திட்டாருன்னு பக்கத்துல நின்னு ச்சு கொட்டினீக. அந்தத் துரு யாருதுன்னு தெரிஞ்சேதான கொட்டினீக?"

அவர் தோட்டாப் பெட்டியை அடுக்கப் போய்விட்டார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். காதிலிருந்து கழுத்து வரை அவருக்குச் சிவந்திருந்தது. காரில் ஏறிப் போயிருக்கலாம். கிளப்பே அவர் பக்கம்தான் நின்றிருக்கும். ஏன் போகவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த எழுத்தை எல்லோர் முன்னாலும் அவருடைய டிரைவரே படித்துவிட்டது ஒரு காரணமாக இருக்கலாம்.

குழலை அவரே எடுத்தார். அப்பாவிடம் நீட்டினார்.

"ஒங்களோடதுதான் சார்" என்றார். "எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருக்காது முதலாளி" என்றார் அப்பா. வாங்கிக்கொண்டார்.

கட்டைவிரல் நகத்தை முனையில் வைத்தார். வெயிலுக்குத் திருப்பினார். உள்ளே பார்த்தார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். போன வாரம் போலவே ரொம்ப நேரம் பார்த்தார்.

"தேயல" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "தேயவே இல்ல பாப்பா."

கறுத்த பாதிகள் இரண்டையும் சேர்த்துக் கால் திருப்பு திருப்பினார். அண்ணாச்சி முதலாளியின் துப்பாக்கிக்காகக் குழலைத் தளர்த்தி வைத்திருந்ததால் லேசாக ஆடியது. குழலை இறுக்குகிற கழுத்து வளையத்தை இரண்டு பல் நகர்த்தினார். இறுகியது. துணியை எடுத்து, சேர்த்த பிறகு இன்னும் சுடாத துப்பாக்கியை ஒருமுறை துடைத்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு நெசமாவே கண்ணு சரியில்ல. நீ சுடு."

"சார், லேடீஸ்..." என்று கிளப் செயலாளர் ஆரம்பித்தார்.

"லைசென்ஸ்காரன் நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன்" என்றார் அப்பா. அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு பாயில் படுத்தேன். காலித் தோட்டா விழும் என்பது ஞாபகம் வந்து முழங்கையைக் கொஞ்சம் அகட்டினேன். பின்கட்டையின் வலப்பக்கத் துளை வழியே அப்பா ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டார். தகட்டுக் குறிக்கு நேரே தூரத்தில் அட்டை, அதற்குப் பின்னால் மண்மேடு. ஓரக் கண்ணில் ஏதோ மறைத்தது. பார்த்தேன். முதலாளி இன்னும் போகாமல், சுடுகிற கோட்டைத் தாண்டி ஓர் அடி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுங்க" என்றேன். "நான் சுடப் போறேன்."

தள்ளி நின்றார்.